முனிக்கல்லின் மூன்றாம் கயிறு

அத்தை சாம்பிராணிப் பொட்டலத்தைப் பிரித்து என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாரு. ஒசத்தியான சாமான். தலவாக்கலைல நாலு கட ஏறி எறங்கி வாங்கியாந்தேன்."

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அந்த வாசனை வந்தால் இப்போதும் என் தோள்கள் தாமாக மேலேறிக் கழுத்தை மூடிக்கொள்கின்றன. அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து உள்ளே போனேன். அடுப்பில் எதுவும் இல்லை. திரும்பி வந்து வாசலில் நின்றேன். உட்கார முடியவில்லை.

அத்தையின் பெயர் மீனம்மா. என் கணவர் யோகேஸ்வரனின் அம்மா. யோகா போன மாசியில் முனிக்கல்லில் இறந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வருடம்.

"மூணு சட்டி பொக போடப் போறேன்," என்றார் அத்தை. "போன தடவ ஒத்தச் சட்டிதான் வச்சேன். சாமிக்குப் பத்தல. இந்தத் தடவ லயத்து ஆளுக எல்லாம் வரும். தப்படிக்கச் சோலைமலைகிட்ட சொல்லியாச்சு. பாறைக்கு அடியில வச்சு நல்லபடியாச் செஞ்சுருவோம்."

"அவ்வளவு தூரம் எதுக்கு அத்தை? கோயில்லயே செஞ்சிரலாமே."

"அவன் உசுரு போன எடம் அங்க. கோயில்ல என்னாத்தச் செய்யிறது? மாரியாத்தாளுக்கா திவசம்?"

"பாதை வழுக்குமே."

"நீ கயித்துல தொங்குனவ. எனக்குப் பாத வழுக்கும்னு சொல்ல வந்துட்டா!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு வருடத்தில் அவர் சிரித்துப் பார்த்த நாட்கள் குறைவு. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

முனிக்கல் எங்கள் தோட்டத்தின் எல்லையில், ஆறு வளையும் இடத்தில், தண்ணீரிலிருந்து நேராக எழும்பி நிற்கும் கருங்கல். மேலிருந்து கீழாக வெடிப்புகள் ஓடும். நீள நீளமான கட்டைகளை யாரோ நெருக்கி நிறுத்தி வைத்ததுபோல் இருக்கும். அடியில் முனியாண்டிக்கு ஒரு சூலம் நட்டிருக்கிறது. அதை ஒட்டியே ஏழாம் நம்பர் மலை தொடங்குகிறது. தேயிலை நிற்கும் சரிவை நாங்கள் மலை என்றுதான் சொல்வோம்.

யோகா நுவரெலியாப் பக்கம் ஒரு ஹோட்டலில் சுற்றுலாப் பயணிகளைப் பாறையேற்றும் வேலை பார்த்தார். ஹோட்டலை மூடியபோது அங்கிருந்த கயிறுகளும் கொக்கிகளும் இரண்டு தலைக்கவசங்களும் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் காம்பராவுக்கு வந்து சேர்ந்தன. எனக்கு ஏறக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கயிற்றை எடுத்துக்கொண்டு யோகாவோடு கிளம்பிவிடுவேன். "ஊர்ல பொண்டாட்டிய டவுனுக்குக் கூட்டிட்டுப் போவான், இவன் பாறைக்குக் கூட்டிட்டுப் போறான்," என்பார் அத்தை.

அவ்வளவு உயரத்தை ஒரே மூச்சில் ஏற முடியாது. ஒருவர் முன்னால் ஏறுவார். வெடிப்புகளில் கொக்கிகளை மாட்டி அவற்றில் கயிற்றைப் போட்டுக்கொண்டே போவார். மற்றவர் கீழே நின்று அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பார். நிற்க ஒரு திட்டு கிடைத்ததும் முன்னவர் தன்னைப் பாறையோடு கட்டிக்கொண்டு பின்னவரை மேலே வரச் சொல்வார். அங்கிருந்து மறுபடியும் அதேபோல். ஒரு திட்டிலிருந்து அடுத்த திட்டு வரைக்கும் உள்ளதை நாங்கள் ஒரு கயிறு என்போம். முனிக்கல் ஐந்து கயிறு. கை வியர்த்து வழுக்காமல் இருக்க யோகா இடுப்பில் ஒரு சின்னப் பை கட்டியிருப்பார். அதில் இருப்பது அத்தையின் கோலமாவு.

மூன்றாம் கயிறு முடியும் திட்டின் பக்கத்தில் பாறை ஒரு கூரைபோல வெளியே நீட்டியிருக்கும். அந்தக் கூரையின் உட்பக்கத்தில் குளவிக்கூடு. அது மலைத்தேனீ என்று யோகா சொல்வார். ஆனால் தோட்டத்தில் கொட்டுவதெல்லாம் குளவிதான். ஆற்றின் வளைவுக்குள் ஒளிந்திருப்பதால் எந்தக் கரையில் நின்றாலும் கூடு தெரியாது. குளிரில் குளவி அசையாது, வெயில் ஏறுமுன் அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும், பேசக் கூடாது. இவைதான் எங்கள் கட்டுப்பாடுகள். அப்படி முன்பே தாண்டியிருக்கிறோம், மழை வந்து உச்சிக்குப் போகாமல் திரும்பியும் இருக்கிறோம். போன மாசியில் உச்சி வரை போய்விடுவது என்று கிளம்பினோம்.

யோகா திட்டுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தார். நான் திட்டில் நின்று கயிறு பிடித்திருந்தேன். சாம்பிராணி மணந்தது. ஒரு கணம் வீட்டில் இருப்பதுபோல மனம் குளிர்ந்தது. பிறகுதான் கீழே பார்த்தேன். சூலத்துக்கு முன்னால் அத்தையின் மஞ்சள் சேலை, சின்னதாக. அவருக்கு முன்னால் ஒரு சட்டி. மகனும் மருமகளும் உச்சிக்குப் போகிறார்கள், பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சாமியிடம் சொல்ல வந்திருக்கிறார். தேங்காய் மட்டைப் புகை வெடிப்பைப் பிடித்துக்கொண்டு, அடுப்புப் புகைபோக்கியில் ஏறுவதுபோல, நேராக அந்தக் கூரைக்குள் போய்க்கொண்டிருந்தது.

மலையில் குளவி கலைந்தால் ஓடக் கூடாது. படங்கைப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்துவிட வேண்டும். செடி கிழிக்காமல் இருக்க கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டும் தடித்த விரிப்புதான் படங்கு. மழைக்கென்று என் பையில் ஒன்று வைத்திருந்தேன். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு யோகாவைத் திட்டுக்கு இறக்கினேன். அவர் முகமே தெரியவில்லை, கறுப்பாக மொய்த்திருந்தது. கால் பட்டதும் என் பையிலிருந்து படங்கை உருவி என் மேல் போட்டார். அது இரண்டு பேருக்குக் காணாது. அதற்கு மேல் அவர் படுத்துக்கொண்டார். "அசையாத," என்றார். அவர் மூச்சு என் முதுகில் ஏறி இறங்கியது. பிறகு இரைந்தது. நான் அசையவில்லை.

கிஷாந்த் ஆட்களோடு வந்து எங்களை இறக்கினான். தலவாக்கலையில் ஆட்டோ ஓட்டுகிறான்; யோகாவோடு அந்த ஹோட்டலில் வேலை பார்த்தவன். மேலே ஏறுமுன் இன்னும் புகைந்துகொண்டிருந்த சட்டியைக் காலால் ஆற்றில் தள்ளிவிட்டிருக்கிறான். அதைப் பிறகு என்னிடம் மட்டும் சொன்னான். லயத்தில் யாரும் அந்தச் சட்டியைப் பற்றிப் பேசியதில்லை. சாமி மேல் கால் வைத்தார்கள், சாமி கோபித்துக்கொண்டது என்றார்கள். அத்தை, நான் வைத்தது பத்தவில்லை என்றார்.

இப்போது மூன்று சட்டி என்கிறார். லயத்து ஆட்கள் அத்தனை பேரும் பாறையடியில் நிற்பார்கள். நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏழாம் நம்பர் மலையில், அன்றைக்கே கிடைக்கும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் பெண்களும் இருப்பார்கள். புகை போட வேண்டாம் என்றால் அத்தை ஏன் என்று கேட்பார். என்னிடம் இருப்பது ஒரே பதில். மகனைக் காப்பாற்றச் சொல்லி நீங்கள் போட்ட புகைதான் என்று ஒரு தாயிடம் எந்த வாயால் சொல்வது?

அடுத்த நாள் கிஷாந்தைத் தேடித் தலவாக்கலைக்குப் போனேன்.

"கூடு இல்லாமக்கூட இருக்கும் அண்ணி," என்றான். ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. "அதுக எடம் மாறுமில்ல."

"இருந்தா?"

"இருந்தா... பேசிப் பாப்போம்."

"யாரு கூட? குளவி கூடவா?"

அவன் துணியை உதறினான். "ஒங்க அத்தகிட்ட நேராச் சொல்லிட்டா என்னா?"

"நீ சொல்லுவியா?"

அவன் மறுபடி கண்ணாடியைத் துடைக்கப் போனான்.

"கீழ நின்னா தெரியாது, தம்பி. மூணு கயிறு ஏறித்தான் பாக்கணும். சனிக்கெழம விடியக் காலைல."

"அண்ணன் போனதுக்கப்புறம் நான் பெட்ரோல் செட்டுக் கூரைல கூட ஏறல அண்ணி."

"நீ முன்னால ஏற வேணாம். நான் ஏறுறேன். நீ கயிறு பிடி."

"அதாஞ் சொல்றேன். நீங்க முன்னால ஏறுறதுதான் பயமே," என்றான். ஆனால் சனிக்கிழமை வந்தான். ஆட்டோவைப் பாலத்தடியில் நிறுத்திவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அட்டை கடித்த காலைச் சொறிந்தபடி நின்றான்.

அதுவரை நான் முன்னால் ஏறியதே இல்லை. யோகா போட்டுவிட்டுப் போன கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் எப்போதும் ஏறியிருக்கிறேன். மேலே ஒருவர் இருப்பார், விழுந்தாலும் அவருடைய கையில்தான் விழுவேன். இப்போது மேலே மூடுபனிதான் இருந்தது. முதல் கயிற்றில் என் கால்கள் தையல் இயந்திரம்போல் ஆடின. வெடிப்புக்குள் கையை விட்டு விரல்களை மடக்கி இறுக்கினால் பாறை கையைப் பிடித்துக்கொள்ளும் என்று யோகா சொல்வார். பிடித்துக்கொண்டது. பனி ஈரத்தில் புறங்கை உரிந்தது. ஆற்றின் இரைச்சலில் கிஷாந்த் ஏதோ கத்துவது தெளிவாகக் கேட்கவில்லை. பேச வேண்டாம் என்று கயிற்றை இழுத்துச் சொன்னேன்.

இரண்டாம் கயிற்றில் ஒரு கல் என் காலடியில் பெயர்ந்து போனது. உடல் ஒரு முழம் இறங்கி, கொக்கியில் தொங்கி நின்றது. கீழே கிஷாந்த் கயிற்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பாறையில் ஒட்டி நின்றான். கல் ஆற்றில் விழுந்த சத்தம் பிறகுதான் வந்தது. இறங்கிவிடலாம் என்று அவன் கையைக் காட்டினான். நான் பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நின்றால் யோசனை வரும்.

மூன்றாம் கயிற்றின் முடிவில் கையைத் திட்டின் மேல் வைத்தபோது அந்த இடத்தை என் கை முதலில் அடையாளம் கண்டது. அங்கே ஒரு கல் நாற்காலியின் கைபோல வளைந்திருக்கும். அதைப் பிடித்து ஏறி, கட்டிக்கொண்டு, மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன்.

போன வருடம் ஒரு கூடு. இப்போது இரண்டு. கூரையின் உட்பக்கத்தில் நனைந்த கம்பளியைக் காயப்போட்டதுபோல் கறுப்பாகத் தொங்கின. குளிரில் அசைவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கூட்டின் ஓரத்தில் மட்டும் ஒரு சிலிர்ப்பு ஓடி அடங்கியது.

கையால் எடுக்க முடியாது. விரட்டவும் முடியாது. ஏறும்போது என்ன நினைத்து ஏறினேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. கூடு இருக்காது என்று நம்பித்தான் ஏறியிருக்கிறேன்போல.

கண்ணை அதிலிருந்து எடுத்தபோது யோகாவின் கைகளைப் பார்த்தேன். திட்டுக்கு மேலே, என் தலைக்கு எட்டாத உயரத்தில், மழை படாத கூரைக்கடியில், இரண்டு வெள்ளைக் கைகள். இடது கை நீளமாக, வலது கையில் கட்டைவிரல் மட்டும் தெளிவாக. அத்தையின் கோலமாவு. அன்று அவர் கடைசியாக ஏறிப் பிடித்த பிடிகள். ஒரு வருடத்து மழையும் காற்றும் அங்கே வந்து சேரவில்லை.

கிஷாந்த் கீழிருந்து கயிற்றை இரண்டு முறை இழுத்தான். என்ன ஆச்சு என்று கேட்கிறான். நான் குனிந்து, விழாமலிருக்கப் பாறையின் இடுக்கைப் பற்றினேன். இடுக்கில் மண். ஈரமான கறுப்பு மண், ஒரு சின்னப் பெரணி முளைத்திருந்தது. என் நகங்களுக்குள் ஏறிக்கொண்டது.

முன்பு தோட்டத்தின் மேல் டிவிஷனில் மண் சரிந்து எங்கள் குடும்பங்களையெல்லாம் கீழே குடியேற்றியபோது மாரியம்மனைத் தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை. கோயிலடியில் ஒரு பிடி மண் எடுத்துப் புதுத்துணியில் முடிந்து கொண்டுவந்து, இங்கே புதைத்து, அதன்மேல் சூலம் நட்டோம். மண் வந்த இடத்துக்குச் சாமி வந்துவிடும். அந்த முடிச்சைத் தலையில் வைத்துக்கொண்டு செருப்பில்லாமல் நடந்து வந்தவர் அத்தை.

சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை விரித்தேன். பெரணியை விட்டுவிட்டு, அதைச் சுற்றியிருந்த மண்ணை ஒரு பிடி எடுத்து முடிந்தேன். நிமிர்ந்தபோது பாறையின் உச்சியில் வெயில் பட்டிருந்தது. மஞ்சள் கோடு பார்க்கப் பார்க்கக் கீழே வந்தது. கூட்டின் சிலிர்ப்பு இப்போது ஓரத்தில் தொடங்கி நடு வரைக்கும் போய்த் திரும்பியது. யோகா முன்பு திட்டில் அடித்து வைத்திருந்த ஆணியில் கயிற்றைப் போட்டு இறங்கத் தொடங்கினேன். வேகமாக இறங்கச் சொன்னது உடம்பு. சத்தம் வராமல் இறங்க வேண்டும்.

கிஷாந்த் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் புருவத்தைத் தூக்கினான். நான் இரண்டு விரலைக் காட்டினேன். அதன்பின் பாலத்தடிக்கு வரும் வரை நாங்கள் பேசவில்லை.

அத்தை வாசலில் உட்கார்ந்து மூன்று புதுச் சட்டிகளையும் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சை அவர் முன்னால் வைத்தேன்.

"என்னா இது?"

"பிடிமண் அத்தை. அவரு படுத்திருந்த எடத்து மண்ணு."

அவர் கை சட்டியிலேயே நின்றது. என் புறங்கையைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார். "ஏறுனியா?"

"ஏறுனேன்."

எழுந்து வந்து என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "அறிவிருக்கா ஒனக்கு? ஒன்னையும் தூக்கிக் குடுத்துட்டு நான் யாரப் பாத்துக்கிட்டுக் கெடக்கிறது?" பிறகு கிஷாந்த் பக்கம் திரும்பினார். "நீயுமாடா?"

"நான் வேணாம்னுதான் சொன்னேன் பெரியம்மா."

"நீ சொன்ன லச்சணந்தான் தெரியுதே. மூஞ்சியெல்லாம் பாசி."

கிஷாந்த் முகத்தைத் துடைத்தான். பாசி இன்னும் பரவியது.

"மண்ணு வந்தா அவரும் வந்த மாதிரிதானே அத்தை," என்றேன். அவர் குறுக்கிடுமுன் சொல்லி முடிக்கப் பார்த்தேன். "வருசா வருசம் அங்க போக வேணாம். இங்கயே நம்ம கண்ணு முன்னால வச்சுக்குவோம். நாளைக்கே."

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அதற்கு ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். அணையைத் திறந்து ஆற்றில் தண்ணீர் விடப் போகிறார்கள் என்று. அத்தை கேட்கவில்லை. முடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் கையை வைத்து அழுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை லயத்து ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். சோலைமலையின் தப்பு மேளம் முன்னால் போனது. அத்தை மண் முடிச்சைத் தலையில் வைத்துக்கொண்டு, இடது கையில் அடுப்புச் சாம்பலை ஒரு சிரட்டையில் எடுத்துக்கொண்டு நடந்தார். லயத்துக்குப் பின்னால் வைப்பார் என்று நினைத்தேன். அவர் ஆற்றுப் பக்கம் இறங்கினார். பாலத்தடிக்கு வந்து நின்றார். அங்கிருந்து பார்த்தால் முனிக்கல்லின் உச்சி தெரியும். கிஷாந்த் என் பக்கத்தில் வந்து, "அண்ணி, இங்கயா?" என்றான் மெதுவாக.

அத்தை சிரட்டையிலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பலை எடுத்து உயர்த்தி விட்டார். அது மெல்ல மிதந்து ஆற்றின் மேல், பாறைப் பக்கம் போனது. கூட்டம் அதைத் திருநீறு போடுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டது. அத்தை தலையை அசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். சரிவில் ஏறி, சவுக்கு மரங்களைத் தாண்டி, முன்பு கொழுந்து நிறுத்த பழைய மடுவத்துப் பக்கம் போய் நின்று மறுபடி சாம்பலை விட்டார். மேட்டுக் காற்றில் அது எங்கள் முகங்களில் வந்து விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சிட்டிகை. அதுவும் மேற்கேதான், லயத்தின் பக்கம்தான் வந்தது.

"இங்கதான்," என்றார்.

குழி தோண்டி மண்ணை இட்டார்கள். ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். சோலைமலை மூன்று சட்டிகளையும் கொண்டுவந்து வைத்தார். அத்தை இரண்டை ஒதுக்கித் தள்ளினார்.

"ஒன்னு போதும்."

"மூணுன்னு சொன்னீங்களே அக்கா?"

"ஒன்னு போதும்ங்கிறேன்ல."

நான் அவரருகில் குனிந்தேன். "ஏன் அத்தை இந்த எடம்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. தேங்காய் மட்டைகளைச் சட்டியில் அடுக்கினார், சாம்பிராணியைத் தூவினார்.

"காத்து இங்குட்டு வீசுது," என்றார். "பொக அங்குட்டுப் போவாது."

அவர் கை தீப்பெட்டியை எடுத்தது. திறந்து ஒரு குச்சியை உருவியது. அப்படியே நின்றது. குச்சியை மறுபடி உள்ளே வைத்து, தீப்பெட்டியை என் கையில் அழுத்தினார்.

"நீ கொளுத்து."

கொளுத்தினேன். தப்பு அதிர்ந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். புகை எழும்பி, ஒரு நொடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் தயங்கி, லயத்தின் பக்கம் சாய்ந்தது. என்னால் பாறையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அத்தை ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் போன பிறகும் சட்டி ஆறும் வரை அங்கேயே குந்தியிருந்து, கடைசிப் புகை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.